கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கருந்துளைகளைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்தி மேசைமேல் வைத்திருக்கிறேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும் கை ஓய்வு பெறவில்லை. நூற்றுக்கு நாற்பது போட்டிருக்கிறேன். தமிழ் நன்றாக இருந்ததற்காகப் பத்து, அறிவியலை முழுப்பக்கம் வெளியிடும் துணிச்சலுக்காகப் பத்து, மீதி இருபது மட்டுமே இயற்பியலுக்கு. தேறுவதற்கு முப்பத்தைந்து போதும் என்பதால் கட்டுரையாளர் தேறிவிட்டார். ஆனால் என் வகுப்பில் படித்திருந்தால் பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருப்பேன்.

குறை இதுதான். “அருகில் வரும் எதையும் ஈவிரக்கமின்றி உறிஞ்சிவிடும் அண்டத்தின் சுழல்” என்று தொடங்குகிறது கட்டுரை. நடுவில் “சூரியன் கருந்துளையாகிவிட்டால் பூமி நொடியில் விழுங்கப்படும்” என்று ஒரு வரி. அதைப் பெட்டி கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். பக்கத்தின் பாதியை நீர்ச்சுழலில் கோள்கள் அடித்துச் செல்லப்படுவது போன்ற ஓவியம் பிடித்துக்கொண்டது. மாலையில் என்னிடம் டியூஷன் படிக்க வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அச்சில் வந்ததைப் பிள்ளைகளின் மனத்திலிருந்து அழிப்பது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர் தொழில் செய்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தப் பெட்டிச் செய்தி. சூரியனின் நிறை முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு அதைக் கருந்துளையாகச் சுருக்கினால், அதன் எல்லையின், அதாவது உள்ளே போனது திரும்ப முடியாத விளிம்பின், ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆகும். பூமி இருப்பதோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே இருக்கும் பூமிக்கு, நடுவில் உள்ள பொருள் பெரிய நெருப்புக் கோளமா, மூன்று கிலோமீட்டர் இருட்டா என்ற வேறுபாடே தெரியாது. நிறை மாறவில்லை, ஆகவே ஈர்ப்பும் மாறவில்லை. வெளிச்சம் போகும், வெப்பம் போகும், நாமெல்லாம் உறைந்துபோவோம். ஆனால் பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே பாதையில், அதே 365 நாள் கணக்கில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பஞ்சாங்கம் எழுதுபவர் தம் கணக்கில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்காது.

சூரியன் கருந்துளையாகப் போவதும் இல்லை. அதற்கு வேண்டிய நிறை சூரியனிடம் கிடையாது. எரிந்து தீர்ந்த விண்மீன் வெண்குறு மீனாக நிலைத்து நிற்பதற்கு ஓர் உச்ச நிறை உண்டு, அது சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கணக்கிட்டவர் இந்த ஊர் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், அந்தக் கணக்கின் முதல் வடிவத்தைப் போட்டார். சென்னையிலிருந்து வெளிவரும் நாளிதழில் கருந்துளைக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கிவிட்டு அவர் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குத் தனியாக ஐந்து மதிப்பெண் குறைத்திருக்க வேண்டும். பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அறிவியல் செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. 2022-இல் ஐரோப்பாவின் கையா விண்கலத்தின் தரவுகளிலிருந்து ஒரு கருந்துளையைக் கண்டுபிடித்தார்கள். கையா பிஎச்1 என்று பெயர். நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,560 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிறை சூரியனைப் போல் 9.6 மடங்கு. அதைச் சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் சுற்றிவருகிறது, எந்தக் கலவரமும் இல்லாமல். இரண்டுக்கும் இடையே சராசரித் தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் 1.4 மடங்குதான். நம் சூரியக் குடும்பத்தில் வைத்துப் பார்த்தால் பூமிக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட இடம். கட்டுரையாளரின் கணக்குப்படி அந்த விண்மீன் என்றோ காணாமல் போயிருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஒரு சுற்றுக்கு 186 நாள் எடுத்துக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கிறது.

இந்த 186 நாள் என்பதைப் பதினோராம் வகுப்பு மாணவி சரிபார்த்துவிடலாம். கெப்ளரின் மூன்றாம் விதி பாடப்புத்தகத்தில் இருக்கிறது: தூரத்தை பூமி–சூரியன் தூரத்திலும் நிறையைச் சூரிய நிறையிலும் சொன்னால், தூரத்தின் மும்மடியை நிறையால் வகுத்துக் கிடைப்பது, ஆண்டில் சொன்ன சுற்றுக்காலத்தின் வர்க்கம். 1.4-ஐ மும்மடியாக்கினால் 2.744. இரண்டின் மொத்த நிறை, சூரியனைப் போல் ஏறத்தாழ 10.55 மடங்கு. வகுத்தால் 0.26. வர்க்கமூலம் 0.51. அதாவது 0.51 ஆண்டு, நாளாக்கினால் 186. 1619-இல் கெப்ளர் வெளியிட்ட விதி, அவர் கனவிலும் கண்டிராத கருந்துளைக்கு அப்படியே பொருந்துகிறது. தொலைவில் இருக்கும்வரை கருந்துளை மிகச் சாதுவான பொருள். அதைச் சுற்றும் பாதையில் நியூட்டனே போதும், ஐன்ஸ்டைனை எழுப்ப வேண்டியதில்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு என் மாணவி ஒருத்தி, “மிஸ், எல்லாவற்றையும் உறிஞ்சும் என்றால் பால்வெளி இந்நேரம் காலியாகியிருக்க வேண்டாமா?” என்று கேட்டாள். கட்டுரையாளருக்கு வராத ஐயம் அவளுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பால்வெளியின் நடுவில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில், தனுசு ஏ* என்னும் பெரும் கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றி விண்மீன்கள் நீள்வட்டங்களில் ஓடுகின்றன. அவற்றில் எஸ்2 என்ற ஒன்று 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. ரைன்ஹார்ட் கென்செல் குழுவும் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் பல பத்தாண்டுகள் இரவிரவாகப் பார்த்துப் பாதையை வரைந்தார்கள். 2020-இல் இருவரும் ரோஜர் பென்ரோஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு, அதாவது அதன் நீளத்தில் பாதி, பூமி–சூரியன் தூரத்தைப் போல் ஆயிரம் மடங்குக்குச் சற்று மேல். மறுபடியும் கெப்ளர்: ஆயிரத்தின் மும்மடியை 16-இன் வர்க்கமான 256-ஆல் வகுத்தால் 39 இலட்சம். அந்தச் ‘சற்று மேல்’ என்பதையும் சேர்த்து நுணுக்கமாகப் போட்டால் 43 இலட்சம் சூரிய நிறை. பார்க்க முடியாத ஒன்றைச் சுற்றுப்பாதையை வைத்தே எடை போட்டுவிட்டார்கள். எனக்குக் கருந்துளை ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கரும்பலகையில் இரண்டு வரியில் முடிகிறது.

சரி, ஏன் விழுவதில்லை? விழுவது கடினம் என்பதால்தான். இதைக் கட்டுரை முழுக்கத் தலைகீழாகச் சொல்கிறது. நேராக மையத்தை நோக்கிப் போகும் பொருள் ஒன்றுதான் விழும். சிறிதளவேனும் பக்கவாட்டு வேகம் இருந்தால் அதற்குக் கோண உந்தம், அதாவது சுற்றும் ஓட்டத்தின் அளவு, உண்டு. அதை இழக்காமல் பொருள் மையத்தை நெருங்க வேண்டுமானால் மேலும் மேலும் வேகமாகச் சுற்ற வேண்டும். தூரம் பாதியாகும்போது ஈர்ப்பால் கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. ஆனால் அந்தப் பக்கவாட்டு ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. இரண்டும் நான்கும் போட்டியிட்டால் என்றைக்கும் நான்குதான் வெல்லும். அதனால்தான் ஹாலி வால்மீன் 1986-இல் சூரியனுக்கு 9 கோடி கிலோமீட்டர் அருகில் வந்தும் விழாமல் திரும்பிப் போனது. 2061-இல் மறுபடியும் வரும். நியூட்டனின் உலகில், மையத்தில் இருப்பது ஒரு புள்ளியாகவே இருந்தாலும், துளி கோண உந்தம் உள்ள பொருள் அதைத் தொடவே முடியாது.

கருந்துளையைச் சுற்றி வாயு தட்டுப்போலச் சுழன்று, மெல்ல மெல்ல உள்ளே இறங்குவது உண்மைதான். அதைத்தான் ஓவியர் நீர்ச்சுழல் என்று எண்ணிவிட்டார் போலும். அங்கே வாயுவின் ஓர் அடுக்கு, வேகம் குறைந்த அடுத்த அடுக்கைத் தன் காந்தப்புலத்தால் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடுகிறது. அந்த இழுபறியில் உள் அடுக்கின் கோண உந்தம் வெளி அடுக்குக்குக் கைமாறுகிறது. பறிகொடுத்தது இறங்குகிறது, பெற்றுக்கொண்டது வெளியே நகர்கிறது. இந்தப் பரிமாற்றத்தில் வாயு கோடிக்கணக்கான பாகை வரை சூடாகி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை முதன்முதலில் அகப்பட்டது அந்த வெளிச்சத்தால்தான். கருந்துளைக்குப் பசி என்று எழுதுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். சிக்கல் முழுதும் இரையின் பக்கம்தான். உள்ளே போக அதற்கு வழி கிடைப்பதில்லை.

அறிவியல் கண்காட்சிகளில் ரப்பர் விரிப்பின் நடுவே இரும்புக் குண்டை வைத்து, கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டு, “பார், இதுதான் ஐன்ஸ்டைன்” என்று சொல்கிறார்களே, அதன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கோலி உள்ளே விழுவது விரிப்போடு உரசுவதால். விண்வெளியில் உரச என்ன இருக்கிறது? அந்தக் கோலியைப் பார்த்த பிள்ளை வாழ்நாள் முழுதும் பூமியும் ஒருநாள் விழுந்துவிடும் என்று பயந்துகொண்டிருக்கும்.

இனி ஐன்ஸ்டைனுக்கு வருகிறேன். கட்டுரையில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். இதற்கு ஒரு வரிகூட இல்லை. 1915 நவம்பரில் அவர் பொதுச் சார்பியலை, அதாவது ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாகச் சொல்லும் கோட்பாட்டை, முடித்தார். சில வாரங்களில், முதல் உலகப்போரின் ருஷ்யப் போர்முனையில் பணியாற்றிக்கொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஷில்ட், உருண்டையான நிறைக்கு வெளியே காலவெளி எப்படி வளைந்திருக்கும் என்பதற்குச் சமன்பாடுகளின் தீர்வைக் கண்டு ஐன்ஸ்டைனுக்கு எழுதி அனுப்பினார். அடுத்த மே மாதம் நோயால் இறந்துபோனார். அந்தத் தீர்விலிருந்து ஒரு பொருளின் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டால், நியூட்டனின் இரண்டு உறுப்புகளும் (இரண்டு மடங்காகும் ஈர்ப்பும், நான்கு மடங்காகும் பக்கவாட்டு ஓட்டமும்) அப்படியே இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று வந்து சேர்கிறது. தூரம் பாதியானால் இந்த மூன்றாவது எட்டு மடங்காகிறது. அதுவும் உள்நோக்கி. தொலைவில் இது ஒன்றுமில்லாத சின்னத் திருத்தம். நெருங்க நெருங்க, இரண்டையும் நான்கையும் மிஞ்சி எட்டு வந்து நிற்கிறது.

அந்தச் சின்னத் திருத்தம் சூரியக் குடும்பத்திலேயே தலைகாட்டியது. புதனின் நீள்வட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சூரியனுக்கு மிக அருகே வரும் அதன் புள்ளி மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) கணக்கில் இடித்தது. 1859-இல் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே இந்த இடிப்பை முதலில் சொன்னபோது (அவர் கணக்கில் 38 விகலை), சூரியனுக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் தேடித் தேடிக் களைத்தார்கள். ஐன்ஸ்டைனின் மூன்றாவது உறுப்பு அந்த 43-ஐ அப்படியே கொடுத்தது. புதன் நூற்றாண்டில் 415 முறை சுற்றுகிறது; ஆக ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு விகலை. எஸ்2 விண்மீனுக்கு இதே விலகல் ஒரு சுற்றுக்கு 12 கலை, அதாவது 720 விகலை. அது 2018 மே மாதம் கருந்துளைக்கு மிக அருகே வந்து, நொடிக்கு ஏறத்தாழ 7,700 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து திரும்பியது. சிலி நாட்டில் நான்கு பெரிய தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்துப் பார்த்த குழு, 2020-இல் அந்த 12 கலையை அளந்துவிட்டதாக அறிவித்தது. ஆக, எஸ்2-இன் பாதை மூடிய நீள்வட்டமே அல்ல. சுற்றுக்குச் சுற்று திரும்பி இதழ் இதழாக விரியும் உருவம். இத்தனைக்கும் அதன் மிகக் குறைந்த தூரமே கருந்துளையின் எல்லை ஆரத்தைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு.

இன்னும் உள்ளே போனால் என்ன ஆகும்? கிலோமீட்டரை வெறும் எண்ணாகச் சொன்னால் பிள்ளைகள் மனத்தில் நிற்பதில்லை என்பதால் சென்னை வரைபடத்தைத்தான் மாட்டுவேன். சூரிய நிறையுள்ள, சுழலாத கருந்துளையின் மையம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் எல்லை 3 கிலோமீட்டர்: வடக்கே ராயபுரம், தெற்கே ராயப்பேட்டை. உள்ளே போன எதுவும், ஒளியும்கூட, திரும்பாது. 9 கிலோமீட்டரில் அடையாறு. அடையாற்றுக்கு வெளியே, தாம்பரமோ செங்கல்பட்டோ, எந்தத் தூரத்திலும் வட்டப்பாதையில் நிம்மதியாகச் சுற்றலாம். யாராவது லேசாகத் தட்டிவிட்டாலும் பாதை சற்றே நெளியும், அவ்வளவுதான். அடையாறு கடைசி நிறுத்தம். அதற்கு உள்ளேயும் வட்டப்பாதை உண்டு, ஆனால் நிலைக்காது. ஒரு தூசி மோதினாலும் ஒன்று வெளியே எறியப்படும், அல்லது எட்டு மடங்கு உறுப்பின் பிடியில் சிக்கிச் சென்ட்ரலை நோக்கிச் சறுக்கும். 4.5 கிலோமீட்டரில், என் வீடு இருக்கும் பெரம்பூரிலும் அந்தப் பக்கம் நுங்கம்பாக்கத்திலும், வட்டமாகச் சுற்ற ஒளிக்கு மட்டுமே அனுமதி. அதற்கும் உள்ளே, ராக்கெட்டை எரிக்காமல் தானாகச் சுற்றும் வட்டப்பாதை யாருக்கும் கிடையாது.

(கணிதம் தெரிந்த வாசகர் கடிதம் எழுதிவிடக்கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வளைந்த வெளியில் ஆரம் என்று நான் சொல்வது, அந்த வட்டத்தின் சுற்றளவை 6.28-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண். சென்ட்ரலிலிருந்து நாடா பிடித்து அளக்கும் தூரம் அன்று.)

இந்தக் கடைசி நிறுத்தம் நியூட்டனிடம் கிடையவே கிடையாது. கரும்பலகையில் தூரத்துக்கு எதிராக ஆற்றலை வரைந்தால், நியூட்டனின் வரைகோட்டில் ஒரு பள்ளம், அதற்கு உள்ளே முடிவில்லாமல் உயரும் சுவர். பொருள் பள்ளத்தில் பத்திரமாக இருக்கும். ஐன்ஸ்டைனின் வரைகோட்டில் அந்தச் சுவருக்கு ஓர் உச்சி வந்துவிடுகிறது. உச்சிக்கு அந்தப் பக்கம் நேர்ச்சரிவு. பொருளின் கோண உந்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் பள்ளம் உள்நோக்கி நகரும், உச்சி கீழிறங்கி வெளிநோக்கி நகரும். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றாகிச் சமனாகிவிடும். அந்தக் கட்டம்தான் அடையாறு. அங்கே ஒரு பொருள் ஒளியின் வேகத்தில் சரியாகப் பாதி வேகத்தில் ஓடுகிறது, பக்கத்தில் அசையாமல் நின்று அளப்பவரின் கணக்குப்படி. சூரிய நிறை என்றால் தொலைவில் இருப்பவருடைய ஒரு நொடியில் 2,200 சுற்று. கருந்துளையின் நிறை பத்து மடங்கானால் தூரமும் பத்து மடங்கு, சுற்று 220. தனுசு ஏ* சுழலாமல் இருந்தால் அதன் கடைசி நிறுத்தம் ஏறத்தாழ 3.8 கோடி கிலோமீட்டர். புதனின் பாதையைவிடச் சிறிய வட்டம். ஒரு சுற்றுக்கு அரை மணிக்குச் சற்று மேல். 2018-இல் அதே சிலித் தொலைநோக்கிகள் இந்த எல்லைக்குச் சற்று வெளியே வாயுத் திரள்கள் ஒளியின் வேகத்தில் 30 சதவீதத்தில் சுற்றுவதைக் கண்டன. நீர்ச்சுழல் ஓவியத்துக்குப் பதிலாக இதைப் போட்டிருக்கக்கூடாதா?

உச்சிக்கு மிக அருகே வரும் பொருள் செய்யும் வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து வந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே வரை ஏறி, அங்கே போவதா திரும்புவதா என்று முடிவெடுக்காததுபோலக் கருந்துளையை நெருக்கமாகப் பல முறை சுற்றிவிட்டு, பிறகு வந்த தூரத்துக்கே வெளியேறும். மறுபடி வரும், மறுபடி சுற்றும். நியூட்டனின் கோள் ஒன்று இப்படிச் செய்யவே முடியாது. சந்திரசேகர் 1983-இல், நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில், கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதில் இந்தப் பாதைகளையெல்லாம் விரிவாக வகைப்படுத்தி வரைந்திருக்கிறார். எனக்கு அதன் பின்பாதி எட்டவில்லை. இந்தப் படங்கள் உள்ள பகுதி எட்டும்.

பெரம்பூரில் சுற்றும் ஒளி தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பெரம்பூர் அளவில் தெரியாது. வெளியே வரும்போது மேலும் வளைவதால் 7.7 கிலோமீட்டர் ஆரமுள்ள வளையமாகப் பெருத்துத் தெரியும். 2019 ஏப்ரல் 10 அன்று உலகமே பார்த்த, எம்87 என்னும் விண்மீன் திரளின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தில் இருட்டைச் சுற்றித் தெரிந்த ஆரஞ்சு வளையத்தின் அளவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. அதிலிருந்துதான் நிறை 650 கோடி சூரியன் என்று தேறியது. தங்கள் கட்டுரையில் அந்தப் படத்துக்குக் கீழே “கருந்துளையின் வாய்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வாயும் இல்லை. அது அந்தப் பக்கத்து ஒளி வளைந்து வந்து நம் கண்ணில் விழுந்த வளையம்.

இதுவரை சொன்னது சுழலாத கருந்துளைக்கு. இயற்கையில் அப்படி ஒன்று கிடைப்பது அரிது. விண்மீன்கள் சுழல்கின்றன, அவற்றின் மிச்சமும் சுழலும். சுழலும் கருந்துளைக்கான தீர்வை 1963-இல் நியூசிலாந்தின் ராய் கெர் கண்டார். அது தன்னைச் சுற்றியுள்ள வெளியையே தன்னோடு இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அதே திசையில் சுற்றும் பொருளுக்கு இது உதவி. எதிர்த்திசையில் சுற்றுவதற்கு இடைஞ்சல். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையில், உடன்போகும் பொருளின் கடைசி நிறுத்தம் அடையாற்றிலிருந்து எழும்பூருக்கு, 1.5 கிலோமீட்டருக்கு வந்துவிடும். எதிரே போகும் பொருளுக்கோ 13.3 கிலோமீட்டர்: அம்பத்தூரிலேயே இறக்கிவிடுவார்கள். ஒரே கருந்துளைதான், எந்தத் திசையில் வந்தாய் என்பதைப் பொறுத்து எழும்பூரா அம்பத்தூரா என்று மாறுகிறது.

கடைசி நிறுத்தத்துக்கு வருவதற்குள் வாயு எவ்வளவு ஆற்றலைக் கொட்டுகிறது என்பதும் இதைப் பொறுத்ததே. சுழலாத கருந்துளையில் தன் நிறை ஆற்றலில் 5.7 சதவீதம். உச்சச் சுழற்சியில் 42 சதவீதம் வரை. சூரியன் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிப் பெறுவது 0.7 சதவீதம்தான். அண்டத்தின் மிகப் பிரகாசமான பொருள்கள் கருந்துளைகளால் ஒளிர்கின்றன என்ற முரண் இதனால்தான்.

இதில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. தட்டின் உள்விளிம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அளந்தால் அந்த விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியும். அதிலிருந்து கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று தெரியும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய விண்தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. 4யு 1630-47 என்ற கருந்துளை உச்ச வேகத்துக்கு நெருக்கமாகச் சுழல்வதை ஆஸ்ட்ரோசாட்டும் அமெரிக்காவின் சந்திரா விண்தொலைநோக்கியும் சேர்ந்து காட்டின. அந்தச் சந்திரா யார் பெயர் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024-இன் முதல் நாள் காலையில் எக்ஸ் கதிர்களை ஆராயும் எக்ஸ்போசாட் விண்கலமும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது. வடசென்னை மொட்டை மாடியில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் ராக்கெட்டின் புகைக்கோடு தெரியும். அதைப் படம் எடுத்துப் போடும் நாளிதழ்கள், அது எதை அளக்கப் போகிறது என்பதை நாலு வரியில் முடித்துவிடுகின்றன.

இன்னொன்று: கட்டுரை முழுவதும் “பயங்கர விசையால் இழுக்கப்பட்டு” என்று வருகிறது. சுற்றுபவர் எந்த இழுப்பையும் உணரமாட்டார். வளைந்த காலவெளியில் தம்மால் இயன்ற மிக நேரான வழியில் போய்க்கொண்டிருக்கிறார், எடையில்லாமல் மிதப்பார். அடையாற்றுப் பாதையில் சுற்றுபவரின் கைக்கடிகாரத்தில் 42 நிமிடம் ஓடினால், தொலைவில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அவருக்குத் தெரியும் ஒரே கோளாறு அதுதான், அதுவும் வீடு திரும்பிய பிறகு. (சூரிய நிறைக் கருந்துளையில் தலைக்கும் காலுக்கும் இடையே ஈர்ப்பு வேறுபட்டு ஆளைப் பிய்த்துவிடும். தனுசு ஏ* போன்ற பெரியதில் அந்தத் தொல்லை இல்லை. பயணம் போவதானால் பெரியதாகப் பார்த்துப் போகவும்.)

உரசலே இல்லாவிட்டாலும் சுற்றுப்பாதை சுருங்க ஒரு வழி உண்டு என்பதை நேர்மைக்காகச் சேர்க்கிறேன். சுற்றும் பொருள்கள் ஈர்ப்பலைகளை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வுகளை, வெளியிட்டு ஆற்றலை இழக்கின்றன. பூமி சூரியனைச் சுற்றுவதில் இப்படிப் போவது ஏறத்தாழ 200 வாட். அதை நம்பி யாரும் விழப்போவதில்லை. ஆனால் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றினால் கதை வேறு. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவு செய்தது, 36 சூரிய நிறையும் 29 சூரிய நிறையும் உள்ள இரண்டின் கடைசிச் சில சுற்றுகளை. அரை நொடிகூட இல்லாத அந்தப் பதிவில் 3 சூரியனின் நிறை அலைகளாகவே போய்விட்டது. அந்தக் கண்டுபிடிப்பை அறிவித்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சிறுசேரியின் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். தரமணியில் கணித அறிவியல் கழகம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் கோளரங்கம் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமே. இத்தனை பேரும் உள்ளூர் அழைப்பில் கிடைக்கும் ஊர் இது.

ஆகவே என் வேண்டுகோள்: பெட்டி கட்டிப் போட்ட அந்த வரிக்கு, வரும் ஞாயிறு அதே அளவில் பெட்டி கட்டித் திருத்தம் வெளியிட வேண்டும். நான்காம் பக்கத்து மூலையில் வருத்தம் தெரிவிக்கும் இரண்டு வரி போதாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. திருத்தத்தில் 3, 4.5, 9 என்ற மூன்று கிலோமீட்டர்களும், கையா பிஎச்1-இன் 186 நாள் கணக்கும் இடம்பெற்றால் என் மாணவிகள் கத்தரித்துப் பழையதன்மேல் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். ஓவியருக்கு வேறு படம் வேண்டுமென்றால், எஸ்2-இன் இதழ் விரியும் பாதையை வரைபடத்தாளில் போட்டுத் தர ஒருத்தி தயாராக இருக்கிறாள். பாதி வரைந்துவிட்டாள், வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் தபாலில் சேர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 11.